பாண்டியம்மா கேட்ட கடல்

என் கூட்டாளியாக இருந்து, பிறகு எங்கள் வீட்டு மாப்பிள்ளையும் ஆகிப்போன சுந்தரத்துக்கு,

‘மாப்ளே, நல்லா இருக்கியா?’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். செத்துப்போனவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் எனக்குக் கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வரும். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. நாங்கள் இருக்கிறோம்.

நான் இன்னும் அழவில்லை மாப்ளே. கேதத்துக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தங்கச்சி புருஷன் போனதற்கு இவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லையே என்று பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, எஸ்டேட்டுக்குப் போய் ஆட்களைத் திட்டவும் முடிகிறது. எதுவும் எனக்கு நடப்பது மாதிரி இல்லை.

மற்ற சேதி எல்லாம் நல்ல சேதிதான். உன் தோட்டத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏலக்காய்க்கு இந்த வருஷமும் நல்ல விலை. மூத்தவள் கலா பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். சின்னவள் சுமதி உன்னைப் போலவே வாய். உன் ஜீப்பு இன்னமும் கொண்டை ஊசி வளைவில் இருமிக்கொண்டுதான் ஏறுகிறது.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். இந்தக் கோடைக்குக் குடும்பத்தோடு எங்கே போவது என்று முடிவு செய்கிற சோலி என் தலையில் விழுந்தது.

அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவனே நீதானே? போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சரக்கு விற்ற கையோடு கடைத்தெருவிலிருந்து பூந்தி வாங்கிக்கொண்டு வந்து, எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தாய். “இந்தக் கோடைக்கு வெளியூர் போறோம். செலவப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. எடத்த மட்டும் சொல்லுங்க” என்றாய். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் வெளியூர் என்றால் மதுரை, அதுவும் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க. திடீரென்று இந்தியா முழுவதையும் தட்டில் வைத்து நீட்டினால் எப்படியிருக்கும்? ஒரே கூச்சல்.

கலாவுக்குக் காஷ்மீர். காலண்டரில் பனி பார்த்திருக்கிறாள். நான் டெல்லி, ஆக்ரா என்றேன், அதுவும் ஆகாய விமானத்தில். நீ என்னைப் பார்த்து, “இவன் மதுரை பஸ்சுல சன்னலோரம் உக்காந்தாலே வாந்தியெடுப்பான், இவனுக்குப் பிளேனு கேக்குதாம்” என்று சிரித்தாய். என் தங்கச்சி பாண்டியம்மா மட்டும் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நீதான் கேட்டாய், “ஏத்தா, நீ ஒண்ணும் சொல்லலையே?”

“கடலு” என்றாள்.

“எந்தக் கடலு?”

“எதுன்னாலும் சரி. மல கண்ணுல படாத எடமா இருக்கணும்.”

கலா விடவில்லை. காஷ்மீரில் எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா என்று ஆரம்பித்தாள். “அதுவும் மலதானடி. காசக் குடுத்து இன்னொரு மலைக்கா போகணும்?” என்று கேட்டுவிட்டு, என் தங்கச்சி அடுப்படிக்குள் போய்விட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஊர் உலகம் கோடையில் குளிர்ச்சி தேடி மலைக்கு ஓடுகிறது. நமக்கு மலை என்றால் அட்டைக்கடி, காய் உலர்த்துகிற ஸ்டோர்ப் புகை, ஆள் கணக்கு. பறிப்புக்காலம் முழுக்க அவள் மேலே தங்கி, வந்தவன் போனவனுக்கெல்லாம் ஆக்கிப்போட்டது எனக்கு அந்தச் சிரிப்பில் ஞாபகம் வரவில்லை. உனக்கு வந்திருக்கிறது.

சண்டை தீராமல் போகவே, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாய். பொண்ணுக்கு வரன் அமையுமா, இந்த இடத்தில் கிணறு வெட்டலாமா என்பதற்கெல்லாம் பூக்கட்டி ஆத்தாளிடம் உத்தரவு கேட்கிற ஊர்தான் இது. ஊர் சுற்றப் போவதற்குப் பூக்கட்டிப் பார்த்த குடும்பம் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். வெள்ளை அரளி வந்தால் காஷ்மீர், சிவப்பு அரளி வந்தால் டெல்லி, மஞ்சள் செவ்வந்தி வந்தால் கடல்.

பெண்கள் மூவரும் கோயிலுக்குள் போய்விட்டார்கள். வாசலில் பூக்கடை ஓரம் நீ வாழையிலையைக் கிழித்துப் பொட்டலம் கட்டினாய், நான் நார் கிழித்துக் கொடுத்தேன். முதல் பொட்டலத்தில் செவ்வந்தி வைத்தாய். இரண்டாவதிலும் செவ்வந்தி. மூன்றாவதிலும் அதையே வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

“மாப்ளே, சாமிகிட்ட வெளையாடாத.”

“வாய மூடிக்கிட்டு வா மச்சான். கல்யாணமாகி வந்ததுலயிருந்து அவ வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். ஆத்தாளும் பொம்பளதானே, அவளுக்குத் தெரியும்.”

சன்னதியில் வைத்த மூன்றில் ஒன்றைச் சுமதி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்ததும் செவ்வந்தி. கலா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று ஒரு சாத்திரத்தை அந்த நிமிஷமே உண்டாக்கி, மற்ற இரண்டையும் வேட்டி மடிக்குள் போட்டுக்கொண்டாய். பாண்டியம்மா அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்தாள். அவள் முகத்தை நீ பார்த்தாய், உன்னை நான் பார்த்தேன்.

அத்தனையும் செய்துவிட்டு, ஊருக்குப் போகிற தேதியை மட்டும் நம் ஆட்கள் புத்தியோடு வைத்தாயே, அதை எங்கே போய்ச் சொல்ல? “கோட மழ ஒண்ணு விழட்டும், கெளம்பிருவோம்” என்றாய். மழை விழாத வரைக்கும் செடி வாடுகிறது என்று மலைக்கு ஓடினாய். விழுந்த பிறகு, செடியில் பூச்சரம் ஓடுகிற நேரம், நிழல் மரத்தில் கிளை கழிக்க வேண்டும், ஆள் போதாது என்று மேலேயே தங்கிவிட்டாய். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஏலத்தோட்டக்காரன் மழையை நம்பித் தேதி வைத்தால், அந்தத் தேதி ஒருநாளும் வராது. “வர்ற வருசம் கட்டாயம்” என்றாய்.

அந்த ஐப்பசியில் ஸ்டோருக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஜீப்பில் உன்னை என்மேல் சாய்த்துக்கொண்டுதான் இறங்கினேன். “படுதாவ எறக்கிவிடு மச்சான், குளுருது” என்றாய். இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு நீ ஒன்றும் சொல்லவில்லை. போடி வந்து சேர்ந்தபோது டிரைவர்தான் உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

போன கோடை துக்கத்தில் போயிற்று. இந்த வருஷம், பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வாடுகிறார்களே என்று நான்தான் அந்தப் பேச்சை எடுத்தேன். “கடலுக்கே போவோம் பாண்டியம்மா. மாப்ள ஆசப்பட்ட மாதிரியே தாராளமாச் செலவு பண்ணிப் போவோம்” என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. “கடலுப் பேச்ச எடுக்காதண்ணே. ஆத்தா பூக் குடுத்துப் போன்னு சொன்னா. நாம போகல. சொல்ல மீறுனதுக்கு அவர எடுத்துக்கிட்டா. நாங் கேட்டதுனால வந்த வென.”

ஒன்றரை வருஷமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் நடமாடியிருக்கிறாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். செவ்வந்தி விற்கிறவள் தெருவில் வந்தால் கதவைச் சாத்துவாள். புருஷன் போன துக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் என்ன செய்வது மாப்ளே? உன் மூன்று பொட்டலத்தையும் பார்த்த ஒரே ஆள் நான். சொன்னால் அவள் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கும். ஆனால், சாமி சன்னதியிலேயே என் புருஷன் ஏமாற்றினாரா, அதற்குத்தான் இந்தத் தண்டனையா என்று அவள் திருப்பிக் கேட்டால்? அப்புறம் உன் பேரில் அவள் வைத்திருக்கிற நினைப்பும் போய்விடும். தோட்டத்தில் செடிக்குச் செடி நடந்துகொண்டு இதையே யோசித்தேன். நீ இருந்தால் உன்னிடம்தான் யோசனை கேட்டிருப்பேன். இருக்கிற காலத்தில் ஒரு யோசனையும் உருப்படியாய்ச் சொன்னவனில்லை நீ, ஆனாலும் கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகள் வெளியே போயிருந்த நேரம், சொல்லிவிட்டேன். நார் கிழித்ததிலிருந்து வேட்டி மடி வரைக்கும் நடந்ததைச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணுலயுமா?”

“மூணுலயும் செவ்வந்திதான்த்தா.”

“அப்ப ஆத்தா போகச் சொல்லலையா? அவருதான் சொன்னாரா?”

“ஆமா.”

சாமி குற்றம் என்று எந்த நேரமும் அவள் வாயிலிருந்து வரப்போகிறது என்று நான் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். “சாமி கோவிச்சிருக்கும்னு நெனைக்கிறியா?” என்று நானே கேட்டும்விட்டேன்.

“அவ என்னத்துக்குக் கோவிக்கிறா? அவளும் பொம்பளதானே” என்றாள்.

உன் வார்த்தை மாப்ளே. அதை மட்டும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பிறகு, “அந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில் அழுததைப் போல இல்லை அது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

மறுநாள் அவளே கேட்டாள், “எந்தக் கடலுண்ணே?” கன்னியாகுமரி என்றேன். அங்கேயும் மலை தெரியுமாமே என்றாள். ராமேஸ்வரம் என்றேன். அங்கே போனால் எள்ளும் தண்ணியும்தான் ஞாபகத்துக்கு வரும், வேண்டாம் என்றாள். கடைசியில் ஏலக்காய் வாங்க வருகிற வடநாட்டு வியாபாரி ஒருவர், வடக்கே கடலோரத்தில் இருக்கிற பூரி என்கிற ஊரைச் சொன்னார். ஓட்டல் வாசலில் இறங்கினால் மணல், அதற்கப்பால் கடல், எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை இல்லையாம். “தூரமா?” என்று கேட்டாள். ரொம்பத் தூரம் என்றேன். “அப்ப அங்கயே போவோம்” என்றாள். முதல் வகுப்பு ரயிலும், கடலைப் பார்த்த அறையும் ஏற்பாடு செய்துவிட்டேன். கலா இந்தத் தடவை காஷ்மீர் என்று சொல்லவே இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இன்று காலையில் மேஸ்திரி ஜீப்பில் இறங்கி வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. “மேல நல்ல மழண்ணே. நேத்துச் சாயங்காலம் புடிச்சது, விடவே இல்ல. வெரசா ஆளுகளக் கூட்டிக்கிட்டு வந்தீகன்னா சோலி ஓடும்” என்றான். பெட்டிகள் கட்டி நடையில் இருக்கின்றன. நாளைக் காலையில் ரயில்.

என் புத்தியைக் கேளு மாப்ளே. மழை என்றதும் கை பரபரத்துவிட்டது. எத்தனை ஆள் வேண்டும், எந்தப் பக்கம் முதலில் நிழல் கழிப்பது என்று மனசு மலையேறிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் போனால் என்ன, கடல் எங்கே போகப்போகிறது என்று சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டேன்.

பாண்டியம்மா பெட்டியில் சேலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, நீயுமா?”

அவ்வளவுதான் கேட்டாள். மேஸ்திரி இன்னும் எதிரில் நிற்கிறான், கலா பார்க்கிறாள், எனக்குக் கண்ணில் வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை மாப்ளே. நடையில் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சுமதிதான் தண்ணீர் கொண்டாந்து கொடுத்தாள்.

மேஸ்திரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தெரிந்த வேலையைப் பார்க்கட்டும், தெரியாதது கிடக்கட்டும். நாளைக் காலை போடி ரயிலில் ஏறுகிறோம், மேலே மழை அடித்துப் பெய்தாலும் சரி, அடியோடு நின்றுபோனாலும் சரி. பூரியில் உன் பெண்டாட்டியைக் கடலைப் பார்த்து உட்காரவைப்பேன். அவளாக எழுந்திருக்கிற வரைக்கும் சோறு, தண்ணீர், காப்பி என்று நாங்கள் யாரும் அவளைக் கூப்பிட மாட்டோம். இது உன்மேல் சத்தியம்.

உன் மச்சான்,
பாண்டியம்மாவுக்குக் கூடப்பிறந்த
வீரணன்