ஒரு புட்டிச் சிறுதேன்

தெம்பனிஸ், சிங்கப்பூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் நெய்னா முகம்மது அவர்களுக்கு,

ஸலாம். வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இன்று காலை கண் மருத்துவர் சந்திரமதி என்னிடம் நேரில் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் மகன் ஃபஹதின் வலது கண்ணுக்கு வெளிச்சம் தெரியவில்லை. விளக்கை அருகே பிடித்துக் கேட்டார்கள். இருட்டுதான் என்றான். அந்தப் பார்வை இனித் திரும்பாது. இடது கண் நன்றாக இருக்கிறது.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. எப்போது பேசினாலும் தங்கச்சி ஆமினா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை நாளை ஊர் வரும் அர்ஃபானிடம் கொடுத்து, உங்கள் கடையில் சேர்க்கச் சொன்னேன். தனியாகப் படியுங்கள்.

நடந்ததை ஃபஹதிடமும், அவனோடு வேலை பார்க்கும், துணைக்கு இங்கே வந்திருக்கும் இல்ஹாமிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள். அவர்கள் வேலை பார்க்கும் இந்தோனேசியத் தீவில் ஃபஹத் படகுத்துறைக் கம்பிகளுக்குத் துரு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். வியர்வையில் மங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருக்கிறான். சுழலும் பிரஷிலிருந்து ஒரு கம்பித்துண்டு தெறித்துக் கண்ணுக்குள் போய்விட்டது.

அந்தத் தீவில் ஒரு சின்ன சுகாதார நிலையம், ஒரு நர்ஸ், அவ்வளவுதான். அந்த அம்மா கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்து ஒட்டி, கண்ணில் எதையும் விடாதே, உடனே பெரிய ஊருக்குப் போ என்று சொல்லியிருக்கிறார். அலை பெரிதாக இருந்ததால் படகு எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் பாத்தாம் துறைமுகம் வந்து, இங்கே வர ஃபெர்ரி ஏறினான். பாத்தாமிலிருந்து இங்கே ஒரு மணி நேரம்தான் மச்சான். தீவிலிருந்து பாத்தாம் வருவதற்குள்தான் எல்லாம் போயிற்று.

இங்கே கம்பித்துண்டை எடுத்த பிறகும் கண்ணுக்குள் சீழ் நிற்கவில்லை. ஏதாவது விட்டாயா என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் இல்லையென்றே சாதித்தான். நர்ஸ் பவித்ரா என்னை வெளியே கூப்பிட்டு, “அங்கிள், யாரும் திட்ட மாட்டோம் லா. என்ன விட்டான்னு தெரிஞ்சா மருந்த மாத்தலாம், நீங்க கேட்டுப் பாருங்க” என்றார்.

கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வலி தாங்காமல் கோப்பையைப் பிய்த்துவிட்டு, ஆமினா கொடுத்தனுப்பிய சிறுதேனை விட்டிருக்கிறான். சின்ன வயதில் கண் சிவந்தால் அவள் விடுவாளே, அதேதான். “தேனாலதான் இப்படி ஆயிருக்கும்னு உம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மாமா. அதோட அவங்க சாப்பாட்டையே விட்டுருவாங்க” என்றான்.

டாக்டரிடம் நான் சொல்லிவிட்டேன். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். சீழுக்குத் தேன்தான் காரணமா என்று கேட்டேன். துருக்கம்பி, தாமதம், தேன், இதில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காக நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

இல்ஹாம் வந்தால்தான் பையன் முகம் கொஞ்சம் தெளிகிறது. “இனிமே போட்டோவுல உனக்கு ஒரு பக்கம்தான்டா அழகு” என்று அவன் சீண்ட, “ஒனக்கு அந்த ஒரு பக்கமும் இல்லையே” என்று இவன் சொல்ல, பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். இல்ஹாம் போனதும் மறுபடி சுவர்ப்பக்கம்தான்.

அர்ஃபான் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான். கண் சிவந்திருக்கிறது என்று மட்டுமே தெரிந்த ஆமினா, அவனிடம் கொடுக்கப் புதுத்தேன் ஒரு புட்டி வாங்கி வைத்திருப்பதாக நேற்றுச் சொன்னாள். தடுக்காதீர்கள், கொடுக்கட்டும். அர்ஃபானிடம் பேசிவிட்டேன். அது என் வீட்டு அலமாரியோடு நின்றுவிடும்.

மிஞ்சிய கண்ணை அல்லாஹ் காப்பானாக. ஊரில் உங்களையும் ஆமினாவையும் அவனே தாங்கட்டும்.

சீழ் அடங்காவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். திங்கள் காலை டாக்டர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். அதுவரை ஆமினா கேட்டால், தேன் விட்டதும் எரிச்சல் அடங்கியது என்று சொல்லுங்கள். உங்கள் மகன் அப்படித்தான் சொல்லச் சொன்னான்.

உங்கள் மச்சினன்,
முகம்மது யூசுப்