சித்தப்பா நிரப்பிய படிவம்

பூவிழி,

ஆயுள் காப்பீடு என்பது குடும்பத்துக்காக ஒரு மனிதன் செய்யும் தவம் என்பார், ஏஜென்ட்டான உன் சித்தப்பா. அப்பாவின் சர்க்கரை நோயை நாம் மறைத்துவிட்டோமாம், அவர் இறந்ததற்கான பணம் தர முடியாது என்று கம்பெனிக் கடிதம் வந்துவிட்டது. படிவத்தில் ‘நோய் எதுவும் இல்லை’ என்று எழுதியவரே சித்தப்பாதான். நேற்று கேட்டால், “அண்ணன் எங்கிட்ட சொல்லவே இல்ல அண்ணி” என்கிறார். பத்து வருஷமாக அவர் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை போடாத டீதான்!

ரெட்டியார்பாளையம் வக்கீலைப் பார்க்கப் போகிறேன். உன் காலேஜ் நிற்காது, பயப்படாதே. குழம்பைச் சூடு பண்ணிக்கொள். சித்தப்பா வந்தால் டீ கொடுக்காதே, தவம் கலைந்துவிடும்.

அம்மா

பி.கு.: வக்கீல் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அடுப்பில் சித்தப்பாவுக்கு வடை வெந்துகொண்டிருந்ததால் படித்துப் பார்க்கவில்லை.