வெட்டிய கோணல் கிளைகள்

பாரி, இத்தாலி
பிப்ரவரி 9

அன்புள்ள முர்மன்,

உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை நம்பிவிட்டு மேலே படியுங்கள்.

போன வாரம் ஒரு கூத்து. நான் பார்த்துக்கொள்ளும் எர்சிலியா அம்மாவின் தோட்டத்தில் ஒரு ஹேசல் செடி நிற்கிறது, நம் தோப்பில் கொட்டைக்காக வளர்ப்போமே, அதே இனம். கிளையெல்லாம் திருகித் திருகி, நடுவே நாலைந்து மட்டும் நேராக. நம் கொட்டைத் தோப்பில் என்ன செய்வோம்? கோணலை வெட்டி நேரானதைக் காப்போம். அதையேதான் செய்தேன். ஒரே ஒரு கோணல் கிளை தப்பியது.

எர்சிலியா அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "அடிப்பாவி! அந்தக் கோணல் அழகுக்காகத்தானே என் வீட்டுக்காரர் இதை வாங்கி நட்டாரு! நேரா நிக்கிறது ஒட்டுக்குக் கீழ கிளம்புன காட்டுச்செடி. அதைத்தான்டி வெட்டணும்!"

"எங்க ஊர்ல நேரா நிக்கிறதுலதாம்மா நல்லாக் காய்க்கும்" என்றேன், அழாத குறையாக.

முறைத்தவர் சிரித்துவிட்டார். "நான் என்ன கொட்டை தின்னவா வளர்த்தேன்? போ, வெட்டினதெல்லாம் பொறுக்கிட்டு வா." ஜாடியில் தண்ணீர் ஊற்றி இருவருமாக வைத்தோம்.

ஞாயிறு ஜார்ஜியாவிலிருந்து இங்கே கிளம்பும் வேனில் நம் கொட்டை ஒரு பை அனுப்புங்கள். ஓட்டோடு அனுப்புங்கள், உடைக்கும் சத்தம் எனக்கு வேண்டும். உங்கள் பழைய சட்டை ஒன்றும். தோட்ட வேலைக்குத்தான்.

எர்சிலியா அம்மா கூப்பிடுகிறார். அந்தக் கிளைகள் வெட்டுப்பட்டதே தெரியாமல் ஜாடியில் பூத்துத் தொங்குகின்றன. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்கள்
லாமாரா