உன் புத்தகமும் அப்பா மறந்த சனிக்கிழமையும்

காப்பெல், டெக்சஸ்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள யாமினிக்கு அம்மா எழுதுவது. இன்றைய பொழுதுக்கு நாங்கள் இருவரும் சௌக்கியம், வெஸ்ட் கோஸ்ட் டப்ளினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு இப்போது ஒன்றும் இல்லை, பதறாமல் படி.

உன் அறையைத் தூசி தட்டும்போது ஹைஸ்கூலில் நீ விழுந்து விழுந்து படித்த அந்த த்ரில்லர் கிடைத்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறாள், தன் பெயரே தெரியவில்லை, அம்மா என்று வந்து நிற்பவள் நிஜமாகவே அம்மாதானா என்றும் தெரியவில்லை, யாரோ துரத்துகிறார்கள். என் இங்கிலீஷுக்கே ஓட்டமாய் ஓடியது, கீழே வைக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை அதில் மூழ்கியிருந்தபோது அப்பா புல் வெட்டிவிட்டு உள்ளே வந்து, "என்ன படிக்கற?" என்றார். கதையைச் சொன்னேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும், "என்ன படிக்கற?" கதையைக் கேட்டுவிட்டுக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து, "போதும், நடிக்காதீங்க" என்று நிமிராமலே சொல்லிவிட்டு இன்னும் நாலு பக்கம் படித்தேன் யாமினி, அந்த நாலு பக்கத்துக்காக என்னை நானே மன்னிக்க முடியவில்லை. மூன்றாவது தடவையும் அதே குரலில் அதையே கேட்டுவிட்டு, "யாமினி ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளா, நான் போய் பிக்அப் பண்ணணுமா?" என்றார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேறு யாரோ வீட்டில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தார்.

உடனே ஆம்புலன்ஸுக்கு 911 அடித்தேன். எமர்ஜென்சியில் பெயர் கேட்டதற்குப் பாலசுப்ரமணியன் என்று சரியாகச் சொன்னார், வருஷம் கேட்டதற்குப் பத்து வருஷம் முந்தையதைச் சொன்னார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "யாமினி வந்துட்டாளா? கொழந்தை வெயில்ல நிப்பா." நீ மெடிசினைப் பாதியில் விட்டதும், இரண்டு வருஷமாக நீங்கள் இருவரும் பேசாததும் அவர் நினைவில் இல்லவே இல்லை. நானும் ஒவ்வொரு தடவையும், "வந்துட்டா, ரூம்ல இருக்கா" என்றேன். உடனே முகம் தெளியும், அப்புறம் மறுபடி கேட்பார். இனி ஆயுசுக்கும் இப்படியேதானோ, நாளைக்கு என்னையும் யார் என்று கேட்பாரோ என்று பயந்துகொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஸ்ட்ரோக் இல்லை, சில மணி நேரம் எதுவும் மனசில் பதியாமல் போகும், தானே சரியாகிவிடும், பெரும்பாலும் திரும்ப வராது என்றார். நாலு மணிக்கு அப்பா, "தலை வலிக்கறது, காபி கிடைக்குமா?" என்றார், அதோடு கேள்விகள் நின்றன. அன்றைய பகல் மட்டும் அவருக்கு நினைவே இல்லை. பயம் என்னை விடவில்லை, கார் சாவி எங்கே என்று இரண்டு தடவை கேட்டாலே இன்று என்ன கிழமை என்று அவரைக் கேட்டுப் பார்க்கிறேன், குளிக்கப் போனால் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். உன் புத்தகத்தில் நாற்பது பக்கம் பாக்கி, தொடக் கை வரவில்லை.

நேற்று அவர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நீ என்ன பதில் சொன்ன?" என்றார். வந்துட்டான்னு சொன்னேன் என்றேன். எழுந்து போய்விட்டார். இன்று உன் முகவரிக்காக நான் போனைத் துழாவிக்கொண்டிருந்தபோது கவரை வாங்கி, அபார்ட்மென்ட் நம்பரிலிருந்து ஜிப் கோட் வரை எதையும் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார்.

வேளைக்குத் தூங்கு, ஃப்ரீவேயில் நிதானமாக ஓட்டு, கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கவரைத் தூக்கிப் போட்டிருந்தால் எடுத்து வைத்துக்கொள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
ராஜலக்ஷ்மி