உயிரோடு இருக்கிறவர்களில் ஒருவர்

என் சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், எல்லோரும் என்றால் இப்போது நானும் உன் அப்பாவும்தான். என் முட்டி மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது, அதை விடு. ஃபோனில் சொல்ல வேண்டியதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய், ஃபோனில் நான் ஆரம்பித்தாலே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஷிப்ட் முடிந்து வந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே.

அந்தக் காய்ச்சல் உன் அக்காவைக் கொண்டுபோன பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் இருக்கிறார் என்று மழுப்பிவிடுகிறேன். உள்ளதைச் சொல்கிறேன். வாய் ஓயாமல் எல்லோரையும் கேலி பண்ணிக்கொண்டிருந்த மனுஷன் இப்போது நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். எதிர் பில்டிங்கில் லிஃப்ட் நின்றுவிட்டது, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார், ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர், இடத்தை விட்டு அசையவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார், குளிக்கச் சொன்னால் குளிக்கிறார், ஒன்றுக்கும் மறுப்பு இல்லை, அதுதான் எனக்குப் பயம். ஒருத்தியைப் பறிகொடுத்துவிட்டேன், இவரையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டே விட்டுவிடுவேனோ என்று தோன்றுகிறது.

நான் சமூகக்கூடத்துக்குப் போவது உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு நர்ஸ்தான் என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே புத்தர் வழித் தியானமும் ஓதலும் நடக்கும். மற்ற நாளில் அதே அறையில் தையல் வகுப்பு, எத்தனை பெருக்கினாலும் ஒரு ஊசி கிடக்கும், தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டரம்மா. நான் வாயாடி என்று எப்படியோ கண்டுபிடித்து, புதிதாக வருகிறவர்களைக் கவனிக்கிற வேலையில் என்னைப் போட்டுவிட்டார். செருப்பை எங்கே விடுவது, கால் மடங்காவிட்டால் நாற்காலி எடுத்துக்கொள்ளலாம், கொட்டாவி வந்தால் வெட்கப்பட வேண்டாம், உள்ளே என்னென்ன நடக்கும், எல்லாவற்றையும் வாசலிலேயே சொல்லி அனுப்புவேன்.

அப்பாவை எத்தனையோ தடவை கூப்பிட்டேன், வரவில்லை. போன மாதம் ஒருநாள் அங்கே அப்படி என்னதான் பண்ணுவீர்கள் என்று அவராகவே கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிப்போம், பிறகு ரொம்பப் பிரியமான ஒருவரை மனதில் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்து, நீ நன்றாக இருக்க வேண்டும், பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்போம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஓதுவோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், முகம் மழித்து, அக்கா வாங்கிக்கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறார். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஏன் எதற்கு என்று யோசிக்கவே தோன்றவில்லை.

அங்கே முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஓதுகிற தாளைக் கையில் கொடுத்ததும் அர்த்தம் தெரியாததை எப்படிச் சொல்வது என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த சலூன்காரர், எனக்கும்தான் ஒண்ணும் புரியல, ஆனா எல்லாரும் சேர்ந்து சொல்றப்ப நெஞ்சு லேசாகுதுண்ணே என்றார், அப்பா சின்னதாகச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு கண்ணை மூடி உட்கார்ந்தோம். பிரியமானவரை நினைக்கச் சொல்லும்போது டாக்டரம்மா எப்போதும்போல, உயிரோடு இருக்கிறவர்களில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், மறைந்தவர்களுக்கு ஓதி முடித்த பிறகு தனியாகச் சொல்வோம் என்றார். அது அங்கே உள்ள முறை, போனவர்களை வைத்து இதைச் செய்தால் மனசு துக்கத்திலேயே போய் மாட்டிக்கொள்ளும் என்பார்கள். புதியவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்வதும் என் வேலைதான். ஊருக்கெல்லாம் சொன்னேன், என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் அப்பா எழுந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறார். பின்னாலேயே ஓடினேன். செருப்பு விடுகிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அவளைக் கூட்டிட்டு வந்து உட்காரவெச்சிட்டேன், இப்ப எழுந்து போன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது, நீ முன்னாடியே சொல்லலையே என்றார். போகிறவர் வருகிறவர் பார்க்க இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், ஆனால் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். இப்போது யாரை நினைக்கிறீர்கள் என்று வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். சின்னவனைத்தான், வேற யாரு இருக்கா என்றார். கொஞ்ச தூரம் போனதும், ஆனா அவன் முகம் வரமாட்டேங்குது, அவ முகம்தான் வருது, அவனைக் கூப்பிட்டுட்டு அவளையே பாத்துக்கிட்டு இருக்கேன், பாவம் அவன் என்றார்.

கண்ணா, இதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை, உனக்கும் அக்காவுக்கும் ஒரே முகம். அதனால்தானே நீயும் ஒளிந்துகொள்கிறாய். அக்கா போன அந்த வாரம், லீவு கிடைக்காமல் நீ வர முடியாதபோது, வீடியோவில் உன்னைப் பார்த்ததும் அப்பா ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து நெட் சரியில்லை, கேமரா உடைந்துவிட்டது என்று குரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். பெற்றவளுக்குத் தெரியாதா எந்தக் கேமரா உடைந்தது என்று. உன் முகத்தைப் பார்த்தால் நாங்கள் அழுவோம் என்று நினைக்கிறாய். பார்க்காமலும் அழுதுகொண்டுதான் இருக்கிறோம்.

வருகிற ஞாயிறு நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிடு, முகத்தைக் காட்டிக் கூப்பிடு. தாடி வளர்ந்திருந்தால் இருக்கட்டும், இளைத்திருந்தாலும் திட்டமாட்டேன். அப்பா மறுபடியும் எழுந்து போகலாம், நீ வைத்துவிடாதே, நான் போய்க் கூட்டிவருகிறேன். நோயில்லாமல், பயமில்லாமல், நீண்ட ஆயுசோடு நீ நன்றாக இரு. இதை நான் வாரா வாரம் உனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், உன் அப்பாவும் அதை உனக்குச் சொல்ல அவருக்கு உன் முகம் வேண்டியிருக்கிறது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா