கடல் அணையில் நின்ற கங்காரு

ஞாயிறு இரவு, செப்டெம்பர்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று ஒரு கங்காருவுக்குப் பயந்து பின்பக்கமாகவே நடந்து கார்வரை வந்தேன்.

சூரியன் மறைவதைப் பார்க்க மனைவி சாந்தியோடு ஹம்பேர்க்கிலிருந்து வடகடலுக்குப் போயிருந்தேன். கடல்நீரைத் தடுக்கக் கட்டிய புல்மேடான, செம்மறிகள் மேயும் கடல் அணையில் அது நீள வாலோடு நிமிர்ந்து நின்றது. வெயில் என் கண்ணுக்கு நேரே அடித்தது. மெல்பேர்னில் இருக்கும் தம்பி முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. கிட்டப் போகக் கூடாது, சாப்பாடு காட்டக் கூடாது, மெல்லப் பின்வாங்க வேண்டும். அப்படியே செய்தேன். படம்கூட எடுக்கவில்லை.

சாந்தி காரில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சாந்தி, அங்கை ஒரு கங்காரு நிக்குது."

"ஓம், போன கிழமை எங்கட பல்கணியிலை மயிலும் நிண்டது. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"இது பகிடி இல்லையப்பா."

"அப்ப அது ஆடுதான்."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஆடுகள்தான் நின்றன.

எனக்கிருக்கும் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அது கங்காரு என்றால் என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆடு என்றால்? ஆட்டுக்கு அவ்வளவு நீள வால் எங்கிருந்து வந்தது?

சொல்லிவிடுவோம் என்று சற்று முன் எழுந்தேன். அவள் பல்கணியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து நடந்தேன். அது சாத்தியிருந்தது; நெற்றி மோதியது. அதையும் பகிடி என்று நினைத்து அவள் சிரித்தாள். நெற்றியில் உறைந்த பட்டாணிப் பையை வைத்தபடி எழுதுகிறேன்.