சுத்தம் என்று நான் சொன்ன நான்கு நாட்கள்

என் அருமைக் கதிரேசா,

நீ எங்களை விட்டுப் போய் மூன்று மழைக்காலம் முடிந்துவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்று பயந்துதான் எழுதவில்லை. சில மாதங்களுக்கு முன்பு அதை உன் மகளிடமே சொல்லிவிட்டேன். இனி உன்னிடம் மட்டும் மறைத்து என்ன செய்யப்போகிறேன்?

நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அன்று பார்த்த வேலையை இன்று எங்கோ ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான். அவனும் படிக்கட்டும்.

முதலில் உன் மகள் பவானியின் செய்தி. அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கே என்று கேட்டால் நீ சிரிப்பாயா, திடுக்கிடுவாயா, எனக்குத் தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் நீயும் நானும் வேலை பார்த்த அதே யுரேனிய ஆலையில். அதுவும் நான் இருந்த காற்றுச் சோதனைப் பிரிவில். நான் அங்கே வெறும் ஒப்பந்த உதவியாள். அவள் இயற்பியல் படித்துவிட்டு, தேர்வு எழுதி, அதிகாரியாகவே நியமனம் வாங்கினாள்.

ஆர்டர் வந்த அன்றே மாயாபந்தரில் உன் வீட்டிலிருந்து மதினி போன் செய்தார்கள். “தம்பி, இவ ஒத்தக்கால்ல நிக்கிறா. அவரு அங்க கிடந்து வந்துதான் இப்படி ஆயிட்டாருன்னு எனக்கு மனசுல கிடக்கு. டாக்டர் சுகருங்கான், பிரஷருங்கான். எனக்கு என்ன தெரியும்? நீங்க சொன்னா அவ கேப்பா.”

“பேசிப் பாக்கேன் மதினி” என்றேன். 

மறுவாரம் மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போர்ட் பிளேயருக்கு வந்தவள் மின்னி பே பகுதியில் என் வீட்டில்தான் தங்கினாள். சாப்பிட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். உன் பெயர் போட்ட கதிர்வீச்சு அட்டையின் நகல். ஆலைக்கு எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

“பாருங்க சித்தப்பா. அப்பா இருந்த எல்லா வருஷமும் அளவுக்குள்ளதான் இருக்கு. அம்மா சும்மா பயப்படுறா. நான் பொறந்த வருஷம்கூடப் பாருங்க, ஏக்தம் க்ளீன், ரொம்ப சுத்தம்.”

அவள் விரல் வைத்த வரியைப் பார்த்தேன், கதிரேசா. அது நான் எழுதிய பொய்.  வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன்.

உனக்கு அந்த அறை நினைவிருக்கும். படிக்கிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். கல்லை அரைத்து, அமிலத்தில் கரைத்து, கடைசியில் மஞ்சள் தூளாக்கி, டிரையரில் உலர்த்தி, டிரம்மில் நிரப்பும் அறை அது. ஆலையில் வேறு எங்கே நின்றாலும் அவ்வளவு பயமில்லை. அந்தத் தூள் மாவு போல எழும்பும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கும், ரத்தத்தில் கரைந்து சிறுநீரகத்தையும் தொடும். அதனால்தான் தலைக்கு மேலே தூசை இழுக்கும் எக்ஸாஸ்ட், முகத்தில் ரப்பர் மாஸ்க், வெளியே வரும்போது குளியல், மாற்றுடை எல்லாம். நீயும் உன் கூட்டாளி அப்பாராவும் அங்கே டிரம் நிரப்பினீர்கள். உங்கள் இடுப்பில் ஒரு சின்ன பம்பைக் கட்டி, காலரில் அதன் வாயைக் குத்திவிடுவது என் வேலை. நீங்கள் இழுக்கும் காற்றையே அதுவும் இழுக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் அதிலிருக்கும் வட்டமான ஃபில்டர் காகிதத்தை இடுக்கியால் எடுத்து, உறையில் பெயர் எழுதி, சோதனை அறைக்கு அனுப்ப வேண்டும்.

அந்த வாரம் எக்ஸாஸ்ட் சத்தம் மாறியிருந்தது. நீகூட, “என்னடா, கிழவன் மாதிரி இருமுது” என்றாய். முதல் நாள் உன் காகிதத்தை எடுத்தபோது அளந்து பார்க்கவே தேவையில்லை. மஞ்சள் கண்ணுக்கே தெரிந்தது. மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கதவைச் சாத்தினார்.

“இது மேல போனா டிரையரை நிறுத்திருவாங்க. இந்த லாட்டுக்குண்டான டிரம் எல்லாம் நிரம்பாம யாருக்கும் லீவு கிடையாது. உன் ஃப்ரெண்டுக்குப் பொண்டாட்டி மாசமா இருக்கான்னு சொன்னே. கப்பலைப் புடிக்க வேணாமா அவன்?” என்றார். பிறகு மெதுவாக, “உன் கான்ட்ராக்டும் இந்த மாசம்தான் முடியுது, இல்ல?” என்றார்.

நான் செய்தது இதுதான். உன் காலரிலிருந்தும் அப்பாராவ் காலரிலிருந்தும் எடுத்த காகிதங்களைக் கழிவு டிரம்மில் போட்டேன். வராண்டாவில் ஓடிய வேறு பம்பின் காகிதங்களை உங்கள் பெயர் எழுதிய உறைகளில் வைத்தேன். நான்கு நாட்கள். தினமும் நீ வெளியே வந்து, வியர்வை வழியும் முகத்தோடு, “என்னடா சொல்லுது உன் காகிதம்?” என்று கேட்பாய். “சுத்தம்டா” என்பேன். மூன்றாம் நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூச்சு முட்டுகிறது என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு நீ டிரம்மைத் தட்டிக்கொண்டிருந்தாய். நான் சுத்தம் என்று சொல்லியிருந்தேனே, உனக்கு என்ன பயம்? கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். கை எழவில்லை.

ஐந்தாம் நாள் லாட் முடிந்தது. எக்ஸாஸ்ட்டைச் சரிசெய்தார்கள். நீ கப்பல் ஏறினாய். உடம்புக்குள் தூள் போனதைக் காட்டிக்கொடுக்கும் அந்த மாதச் சிறுநீர்ச் சோதனைக்கு நீ இல்லை. மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் பவானியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாய்.

உன் லீவுக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி என் கான்ட்ராக்ட். அந்த ஆண்டு முடிவதற்குள் வேலையை விட்டு ஓடி வந்து இங்கே துறைமுகப் பட்டறையில் சேர்ந்துவிட்டேனே, ஏன் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். ஊர் ஞாபகம் என்றேன். நீ இன்னும் எட்டு வருஷம் அங்கேயே இருந்தாய்.

உன் சிறுநீரகம் போனதற்கு அந்த நான்கு நாள்தான் காரணமா? எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களிடம் எந்தக் கணக்கும் இல்லாமல் செய்தவன் நான். டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபடி ஒரு நாள் நீ என் கையைப் பிடித்து, “அங்க எல்லாரும் பயந்து சாவானுங்க. நீ தினமும் பாத்துச் சொல்லுவே பாரு, அதான் எனக்குத் தைரியம்” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா?

பவானியோடு நானும் மாயாபந்தர் பஸ் ஏறினேன்.  ஜிர்காடாங் சோதனைச் சாவடியில், காட்டுக்குள் வண்டிகளை வரிசையாக அனுப்பும் கான்வாய்க்காகக் காத்திருந்தபோது சொல்ல வாயெடுத்தேன். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள், குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். பாராடாங் போகும் ஃபெர்ரிப் படகில் ஏறுவதற்குப் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். “ஜல்தி சலோ, ஜல்தி” என்று ஃபெர்ரிக்காரன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். கம்பி ஓரமாக நின்றோம். எதிர்க்கரை கிட்டே வரவர, இப்போது இல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது.

“பவானி, அந்த அட்டையை நம்பாதே. அதுல நாலு நாள் பொய். நான் எழுதின பொய்.”

எல்லாவற்றையும் சொன்னேன். உன் லீவைப் பற்றியும் சொன்னேன். அவள் சதுப்புநிலக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

“நான் பொறக்கப் போறேன்னுதான் செஞ்சீங்களா? அதை என் தலையில வைக்காதீங்க சித்தப்பா.”

“உன்மேல வைக்கலம்மா…”

“வச்சீங்க. இப்பதான் வச்சீங்க.”

அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்து இருக்கையை விட்டுவிட்டு, முன்னால் ஒரு வங்காளி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாயாபந்தர் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. அந்தப் பெண்ணை இழந்துவிட்டேனே என்ற பயம் அதன்மேல் ஏறிக்கொண்டது.

உன் வீட்டு வாசலில் பையை வைத்த கையோடு கேட்டாள். “சித்தப்பா, அப்பாகூட இன்னொருத்தர் டிரம் பிடிச்சார்னீங்களே. அவர் எங்க?”

எனக்குத் தலையில் அடித்தாற்போல இருந்தது. இருபத்து மூன்று வருஷம் உன்னை மட்டுமே நினைத்துக் குமைந்திருக்கிறேன். அப்பாராவும் அதே காற்றைத்தான் குடித்தார். அவர் அட்டையிலும் அதே பொய். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட நான் விசாரித்ததில்லை.

அவளே இரண்டு நாள் பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு நம்பரைக் கண்டுபிடித்தாள். என்னிடம் நீட்டி, “நீங்க பேசுங்க” என்றாள். இருக்கிறார், கதிரேசா. ரிட்டையராகி மகன் வீட்டில் இருக்கிறார். குரல் கேட்டதும், “அரே, மாணிக்கம்! அந்தமான் மாணிக்கமா?” என்று சந்தோஷப்பட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். வயசாச்சே என்று சிரித்தார். நேரில் வந்து பார்க்கிறேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். 

அதுவரை மதினியிடம் பவானியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் ஊர் திரும்பும் காலையில் அடுப்படி வாசலில் நின்று சொன்னேன். அவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.  அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது மதினி.”

“நல்லவேளை” என்றார்கள். “கடைசி வரைக்கும் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டுக் கிடந்தாரு.”

அதன்பின் உள்ளே போய்விட்டார்கள். இன்றுவரை எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யத் துணியவில்லை.

பவானி சொன்னபடி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆலைக்கும், மேலே கண்காணிக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். எக்ஸாஸ்ட், காகிதம், மேற்பார்வையாளர் பேச்சு, எதையும் விடவில்லை. என் பேரை முதல் வரியில் எழுதினேன். நேரில் வந்து வாக்குமூலம் தரும்படி பதில் வந்திருக்கிறது. என்ன செய்வார்கள், தெரியவில்லை. ஜெயிலுக்குப் போட்டாலும் போடட்டும். அதைவிட வேறு ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது.

பவானி அங்கே வேலையில் சேர்ந்துவிட்டாள், கதிரேசா. நான் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பது? இப்போது அங்கே நிறைய மாறியிருக்கிறதாம். மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதிக்கிறார்கள், தாடி வைத்தவனை உள்ளே விடுவதில்லை, காற்றை விடாமல் அளக்கும் கருவி அறையிலேயே ஓடுகிறது, எல்லை தாண்டினால் மணி அடிக்கிறது என்று போனில் சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மணியை அணைக்கவும் ஒரு பொத்தான் இருக்குமே? அதன் பக்கத்திலும் ஒரு மனிதன்தானே நிற்பான்?

முந்தாநாள் மத்தியானம் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

“சித்தப்பா, மணி அடிச்சிருச்சு. டிரையரை நிறுத்தச் சொல்லி, ஆளுங்களை வெளிய எடுத்து, ரூமைப் பூட்டிட்டேன். கருவிதான் கோளாறு, ரூமைத் திறன்னு சொல்றாங்க. ஷிஃப்ட் இன்சார்ஜ் மேல போன் போடுறார். லாட் நிக்குதாம்.”

“நீ என்ன சொன்னே?”

“அளந்து பாக்காமத் திறக்க மாட்டேன்னுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “பயமா இருக்கு சித்தப்பா” என்றாள்.

“எனக்கும்தான். திறக்காதே” என்றேன்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். அளந்து பார்த்ததில் தூசு இருந்தது உண்மைதானாம். எங்கோ ஒரு குழாய் மூட்டு விட்டிருந்ததாம். உள்ளே இருந்த மூன்று பேரும் மாஸ்க்கோடுதான் இருந்தார்கள், மூன்று பேருக்கும் சோதனை எடுத்தாகிவிட்டது. ஆனாலும் அவளிடம் அங்கே ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நாளைக்கும் மணி அடிக்கலாம், நாளை மறுநாளும் அடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை தனியாகவே நிற்க வேண்டுமா? காலையில் எழுந்ததும் போனைத்தான் பார்க்கிறேன். அவள் “போயிட்டு வந்துட்டேன்” என்று சொல்லும்வரை எனக்கு நாள் ஓடுவதில்லை.

வரும் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் கிளம்புகிறேன். விசாரணைக்குப் போவதற்கு முன்னால் அப்பாராவ் வீட்டுக்குப் போவேன். எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, உன்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்வேன். அவரை டாக்டரிடம் கூட்டிப்போய், அந்த நான்கு நாளை நானே எடுத்துச் சொல்வேன். அவர் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் மறுநாளும் போவேன். இது உன்மேல் சத்தியம், கதிரேசா.

இப்படிக்கு,
உன் பவானி இன்னும் சித்தப்பா என்று கூப்பிடுகிற
மாணிக்கம்